ஊர்த் திட்டங்களில் மக்கள் பங்கேற்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை, வடிகால், பாலம், பேருந்து நிலையம், குப்பைக் கிடங்கு என்று எது வந்தாலும் கூடவே ஒரு கருத்துக் கேட்புக் கூட்டமும் வருகிறது. இப்படிப்பட்ட கூட்டங்களில் பல ஆண்டுகளாகக் குறிப்பெடுத்திருக்கிறேன். சிலவற்றை நடத்தியிருக்கிறேன். என் தெருவைத் தோண்ட வந்தபோது எதிர்த்தும் பேசியிருக்கிறேன். மேடையில் இருப்பவர்களும் எதிரே நாற்காலியில் இருப்பவர்களும் கூட்டம் முடிந்ததும் என்னை ஓரமாக அழைத்துக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தருகிறேன்.

1. மக்கள் பங்கேற்பு என்றால் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்பதுதானே? அதற்கு எதற்கு இவ்வளவு பெரிய பெயர்?

கூட்டம் அதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். ஒரு திட்டத்தால் யாருடைய அன்றாடம் மாறப்போகிறதோ, அவர்கள் சொன்னதால் அந்தத் திட்டத்தில் ஏதாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் தெருமுனையில் நின்று பேசியதுகூடப் பங்கேற்புதான். மாற வாய்ப்பே இல்லை என்றால் ஆயிரம் நாற்காலி போட்டாலும் அது வெறும் நிகழ்ச்சி.

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கர் இதை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கீழ் இரண்டு படிகளில் மக்களைத் தம் வழிக்குக் கொண்டுவருவதும் சமாதானப்படுத்துவதும்தான் நடக்கும். நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, குழுவில் ஓரிரு இடம் கொடுத்து வாயை அடைப்பது. அதற்கு மேலேதான் சேர்ந்து முடிவெடுப்பதும், முடிவெடுக்கும் அதிகாரத்தையே ஒப்படைப்பதும் வருகின்றன. கருத்துக் கேட்பு அந்த ஏணியில் நான்காவது படி. எல்லாத் திட்டமும் எட்டாவது படிக்கு ஏற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான்காவதில் நின்றுகொண்டு எட்டாவதில் நிற்பதாகச் சொல்லும்போதுதான் சண்டை வருகிறது.

2. இன்ஜினியர்கள் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். எங்களுக்கு என்ன தெரியும் என்று எங்களைக் கேட்கிறீர்கள்?

ஒரு வடிகால் திட்டக் கூட்டம். வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வயதான அம்மா ஒருவர் எழுந்து போய் அதில் தன் வீட்டைத் தேடினார். கிடைக்கவில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து விரலை மெதுவாக நகர்த்தி ஒரு முனையில் நிறுத்தினார். "தண்ணி நீங்க போட்ட பக்கத்துல இருந்து வராது தம்பி, பின்னாடி இருந்துதான் வரும்" என்றார். பொறியாளரின் சாய்வுக் கணக்கில் தவறே இல்லை. ஆனால் அவர் பயன்படுத்திய வரைபடம் பழையது, நேரில் பார்த்ததும் கோடையில். பள்ளிக்குப் பின்னால் ஒரு மதில் சுவர் எழுந்தபிறகு மழைநீர் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அந்தத் தெருக்காரர்கள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அதைப் பார்த்திருந்தார்கள். மறுநாள் பொறியாளர் அந்த அம்மாவோடு நடந்துபோய்ப் பார்த்தார். வடிகாலின் ஒரு கிளை இடம் மாறியது.

குழாயின் விட்டம் எவ்வளவு, கம்பி எத்தனை மில்லிமீட்டர் என்பதையெல்லாம் கைதூக்கி முடிவு செய்யக் கூடாது. அது படித்தவர்கள் வேலை. தண்ணீர் எங்கே தேங்கும், எந்த இடத்தில் இருட்டுக்குப் பயந்து சுற்றிப் போகிறார்கள், காலியாகக் கிடப்பதாக வரைபடம் சொல்லும் இடத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதெல்லாம் அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு உதாரணம் வியன்னா. அங்கே 1990களில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள்: பத்து வயதை ஒட்டி, பூங்காவுக்கு வரும் சிறுமிகள் சட்டென்று குறைந்துவிடுகிறார்கள், பையன்கள் குறையவில்லை. பெரிய திறந்த மைதானம் பையன்கள் கைக்குப் போய்விட, பெண் பிள்ளைகள் ஒதுங்கிப் போயிருந்தார்கள். கூடுதல் நடைபாதை போட்டு, வேறு விளையாட்டுகளுக்கும் இடம் ஒதுக்கி, பெரிய வெளியைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்ததும் அவர்கள் திரும்பி வந்தார்கள். எவ்வளவு நல்ல வரைபடமாக இருந்தாலும் இது அதில் தெரியாது.

3. எப்போது கேட்க வேண்டும்? ஆரம்பத்தில் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை, கடைசியில் கேட்டால் மாற்ற ஒன்றுமில்லை.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "பாலம் எந்த வடிவத்தில் இருக்கலாம்?" என்று கேட்பதற்கு முன்னால் "பாலம் வேண்டுமா, அல்லது ஆற்றின் இந்தக் கரையிலேயே ஒரு மருத்துவமனை போதுமா?" என்ற கேள்வி இருக்கிறது. பலர் ஆற்றைக் கடப்பதே மருத்துவமனைக்காக இருக்கலாம். டெண்டர் விட்டபின் இந்தக் கேள்விக்கு இடமில்லை. மாற்றுவழிகள் இரண்டு மூன்றாக இருக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் தோராயச் செலவு கையில் இருக்கும்போது கேட்பதுதான் சரியான நேரம். வெறும் தாளை நீட்டினால் மக்கள் விழிப்பார்கள். முழுதாக வரைந்து வண்ணம் தீட்டிய படத்தை நீட்டினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பென்சிலில் போட்ட மூன்று கோடுகளைக் காட்டினால் பேச்சு தொடங்கும்.

இங்கிலாந்தில் 1985இல் பள்ளிகளை மூடுவது தொடர்பான ஒரு வழக்கில் நான்கு நிபந்தனைகள் உருவாயின. அங்கே இன்றும் நீதிமன்றங்கள் அவற்றை வைத்துத்தான் கருத்துக் கேட்பை அளக்கின்றன. யோசனை உருவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லப் போதுமான காரணங்களைத் தர வேண்டும். போதிய அவகாசம் தர வேண்டும். வந்த கருத்துகளை மனசாட்சியோடு பரிசீலித்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சட்டம் படிக்காதவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய நான்கு வரிகள்.

4. எல்லாம் முடிவான பிறகுதான் கூப்பிடுகிறார்கள். இது நிஜமா, கண்துடைப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு நாங்கள் சொல்வதால் இதில் எதெல்லாம் மாறலாம்?" நேர்மையான அதிகாரி என்றால், "பாதை முடிவாகிவிட்டது, மாற்ற முடியாது. நிறுத்தங்கள் எங்கே, நடைமேம்பாலமா சிக்னலா, எந்தப் பக்கம் முதலில் வேலை என்பதெல்லாம் இன்னும் முடிவாகவில்லை" என்பார். அது நல்ல பதில். எல்லாமே திறந்திருக்கிறது என்று சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வரும். "உங்கள் கருத்துகள் அனைத்தும் பரிசீலிக்கப்படும்" என்று மட்டும் சொன்னால் அது கண்துடைப்புதான், சந்தேகத்துக்கே இடமில்லை.

வேறு அடையாளங்களும் உண்டு. நேற்றுத்தான் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும், அதுவும் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத மொழியில். அடிக்கல் நாட்டும் தேதி ஏற்கெனவே அச்சாகியிருக்கும். கடைசியாகச் சொன்னதை நான் ஒருமுறை நேரிலேயே பார்த்தேன். கூட்டம் நடந்த அறையின் மூலையில் அழைப்பிதழ்க் கட்டு இருந்தது.

5. கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பாவில் பல நாடுகளைக் கட்டுப்படுத்துவது 1998இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. சுற்றுச்சூழல் விஷயங்களில் தகவல் பெறும் உரிமை, முடிவில் பங்கேற்கும் உரிமை, மீறினால் நீதிமன்றம் போகும் உரிமை என்று மூன்றையும் சேர்த்தே கொடுத்தது அது. மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டுக்கும் பல் இல்லை. பிரான்சில் 1995 சட்டத்தின்படி பெரிய திட்டங்களில் பொது விவாதம் நடத்தவென்றே ஒரு தேசிய ஆணையம் இருக்கிறது. திட்டத்தைச் செய்பவர்களே கூட்டத்தையும் நடத்தக் கூடாது என்ற யோசனை எனக்குப் பிடித்த ஒன்று.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்கீழ் வரும் பல திட்டங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கூட்டம் முழுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், கடைசியில் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் படித்து விளக்க வேண்டும். இந்தக் கடைசி விதி பலருக்குத் தெரியாது, பாதிப் பேர் அதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லை என்றால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

6. கூட்டம் போட்டால் யாருமே வருவதில்லை. மக்களுக்கு அக்கறையே இல்லையோ?

வேலை நாள், காலை பதினொரு மணி, மாடிப்படி ஏறிப் போகும் அரங்கு. யார் வருவார்கள்? அன்றைய கூலியை விட்டுவிட்டு வர வேண்டியவரைப் பார்த்து அக்கறை இல்லை என்று சொல்வது நியாயமில்லை.

இதைவிடப் பெரிய காரணம் போன தடவைக் கூட்டம். அன்றைக்கு வந்து பேசினார்கள், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தார்கள், அதன்பிறகு ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. இரண்டாவது தடவை வராமல் இருப்பது அலட்சியம் இல்லை, அனுபவம். இதற்கு மருந்து 17ஆவது பதிலில் இருக்கிறது. அதுவரை, மக்களை வரச்சொல்வதை விட்டுவிட்டு அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போங்கள். பேருந்து நிறுத்தத் திட்டம் என்றால் பேருந்துக்காகக் காத்திருப்பவர்களிடம் பத்து நிமிடம் பேசலாம். அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

7. வருகிற நாலு பேரும் எப்போதும் அதே நாலு பேர்தான். அவர்கள் சொல்வதுதான் ஊர் சொல்வதா?

இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வீட்டுத் திட்டங்கள் பற்றிய உள்ளூர்க் கூட்டங்களின் பதிவுகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசினார்கள். பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், சொந்த வீடு உள்ளவர்கள், நெடுநாளாகக் குடியிருப்பவர்கள் ஆகியோரின் பங்கு ஊரில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம். பெரும்பாலோர் புதிய வீடுகளை எதிர்த்தார்கள். அந்த வீடுகளில் குடிவர இருந்தவர்கள் கூட்டத்தில் இல்லை. எப்படி இருப்பார்கள், அவர்கள் இன்னும் அந்த ஊருக்கே வரவில்லையே!

அதே நாலு பேரைக் குறை சொல்லவும் மாட்டேன். பல ஊர்களில் தெருவிளக்கு எரிவதே அவர்களால்தான். ஆனால் அவர்களோடு சேர்த்து, குலுக்கல் முறையில் வேறு சிலரையும் தேர்ந்தெடுக்கலாம். 2014இல் மெல்போர்ன் மாநகராட்சி பத்தாண்டு நிதித் திட்டத்துக்காக, குடியிருப்பவர்களையும் தொழில் நடத்துபவர்களையும் சேர்த்து 43 பேரை இப்படித் தேர்ந்தெடுத்தது. பல சனிக்கிழமைகள் உட்கார்ந்து கணக்குகளைப் படித்து, அதிகாரிகளைக் கேள்வி கேட்டு அவர்கள் பரிந்துரை கொடுத்தார்கள். நேரம் கொடுத்தால் சாதாரண ஆட்கள் பட்ஜெட்டையும் படிப்பார்கள்.

8. பெண்கள் வருகிறார்கள், ஆனால் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

மைக்கை எடுத்துவிடுங்கள். ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்தால் பேசுவார்கள். பெண்கள் மட்டும் ஒரு வட்டம், குறிப்பெடுப்பவரும் பெண் என்றால் இன்னும் நல்லது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

9. வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே புரிவதில்லை. கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்படாதீர்கள். தலையாட்டிக்கொண்டு நிற்கும் பலருக்கும் புரிவதில்லை. மூன்றே மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு எது? என் வீடு எங்கே? புதிய சாலையின் மட்டம் என் வாசல்படிக்கு மேலேயா கீழேயா? மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் விட்டு, ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் வீடு ஒரு படி கீழே போனவர்களை எனக்குத் தெரியும்.

நடத்துபவர்களுக்கு: வரைபடத்தைத் தரைக்குக் கொண்டுவாருங்கள். சுண்ணாம்புத் தூளால் சாலை ஓரத்தைக் கோடு போட்டுக் காட்டுங்கள். முளை அடித்து, புதிய மட்டம் வரும் உயரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். அரை நாள் வேலை. "அகலம் பன்னிரண்டு மீட்டர்" என்றபோது சும்மா இருந்தவர், கோடு தன் திண்ணையின் நடுவே போவதைப் பார்த்ததும் பேசத் தொடங்குவார். அது நல்லதுதான். வேலை தொடங்கியபிறகு பேசுவதைவிட இப்போதே பேசட்டும்.

10. சத்தம் போடுகிறவர்தான் கடைசியில் ஜெயிக்கிறார். மற்றவர்கள் எதற்கு வர வேண்டும்?

கூட்டத்தை நடத்தும் முறைதான் அவரை ஜெயிக்கவைக்கிறது. ஒரே மேடை, ஒரே மைக், வரிசையில் பேச்சு என்றால் தொண்டைதான் ஜெயிக்கும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர ஆள் வையுங்கள். சத்தம் போடுகிறவருக்கும் அதே ஒரு சீட்டுதான். இன்னொன்று: அவர் ஏன் சத்தம் போடுகிறார் என்றும் பாருங்கள். மூன்று மனு போட்டுப் பதில் வராதவராக இருக்கலாம்.

11. மனுவாக எழுதிக் கொடுக்கும்போது எப்படி எழுதினால் பலன் இருக்கும்?

"இத்திட்டத்தால் பொதுமக்கள் பெரிதும் பாதிக்கப்படுவார்கள்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். அதிகாரி அதைப் படித்துவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவார். இடம், நேரம், அளவு மூன்றையும் எழுதுங்கள். "பள்ளி வாசலில் மாலை நான்கிலிருந்து நாலரை வரை மூன்று நாள் எண்ணினோம், சாலையைக் கடந்த பிள்ளைகள் இத்தனை பேர். வரைவில் இந்த இடத்தில் நடுத்தடுப்பு வருகிறது, கடக்க வழி இல்லை" என்று எழுதினால் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. ஒரே வாசகத்தில் முந்நூறு நகல் கொடுப்பதைவிட இது வலுவானது. முந்நூறு நகல் ஒரே ஆட்சேபனையாக எண்ணப்படவும் வாய்ப்பு உண்டு.

வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் எது வேண்டும் என்றும் ஒரு வரி எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

12. பேசுவது இருக்கட்டும். பணத்தையே மக்கள் கையில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் பங்கேற்பு பட்ஜெட்டைத் தொடங்கியது. பகுதி பகுதியாகக் கூடி, தங்களுக்கு முதலில் கழிவுநீர்க் குழாயா, தார்ச்சாலையா, பள்ளியா என்று மக்களே வரிசைப்படுத்தினார்கள். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது. நியூயார்க்கின் சில வட்டாரங்கள் 2011இலும், பாரிஸ் 2014இலும் தொடங்கின. கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்டோ அலெக்ரேயிலேயே ஆட்சிகள் மாற மாற அது நலிந்து, 2017இல் நிறுத்திவைக்கப்பட்டது. பணத்தோடு வராத பங்கேற்பு எங்கேயும் நிலைப்பதில்லை. இன்னொரு சிக்கல், மக்கள் கண்ணுக்குத் தெரிவதைத்தான் கேட்பார்கள். நீரேற்று நிலையத்துக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். பூங்கா பெஞ்சுக்குப் போடுவார்கள். அதனால் எந்தத் தொகையை மக்கள் தேர்வுக்கு விடுவது, எதைப் பராமரிப்புக்கு முன்கூட்டியே ஒதுக்குவது என்று பிரித்துவிட வேண்டும்.

13. எதற்கு இவ்வளவு பேச்சு? ஓட்டெடுப்பு வைத்து முடித்துவிடலாமே?

சரி, யார் யாருக்கு ஓட்டு? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் பாதி முடிவு தெரிந்துவிடும். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் 21 என்ற ரயில் நிலையத் திட்டத்துக்கு எதிராகப் பெரும் போராட்டம் நடந்தது. 2011 நவம்பரில் அந்த மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு வைத்தார்கள். மாநிலம் நிதியிலிருந்து விலக வேண்டுமா என்பது கேள்வி. அதாவது திட்டம் வேண்டாம் என்பவர் "ஆம்" போட வேண்டும், வேண்டும் என்பவர் "இல்லை" போட வேண்டும்! 58.9 சதவீதம் "இல்லை". திட்டம் தொடர்ந்தது. தெருவில் இறங்கிய கூட்டத்தை மட்டும் பார்த்தவர்கள் இந்த முடிவை எதிர்பார்க்கவில்லை.

நேர் எதிரான உதாரணம் ஒடிசாவின் நியமகிரி மலை. 2013இல் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்கம் பற்றி அந்த மலையைச் சேர்ந்த கிராம சபைகளிடமே கேட்கச் சொன்னது. தேர்ந்தெடுக்கப்பட்ட 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மாநிலம் முழுவதும் கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். வாழும் இடத்தையே இழப்பவரின் ஓட்டும் தூரத்தில் இருப்பவரின் ஓட்டும் ஒரே எடையா என்பதற்கு எண்ணிக்கையில் பதில் இல்லை. ஓட்டெடுப்பு கடைசியில் வரலாம், பேச்சுக்குப் பதிலாக வர முடியாது.

14. ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தால் திட்டம் எப்போது முடியும்? விலைவாசி ஏறிக்கொண்டே போகிறதே?

தாமதமாகும், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் தாமதம் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பாருங்கள். மூன்றாவது பதிலில் சொன்ன நேரத்தில் கேட்டால் சில மாதங்கள் போகும், செலவு தாளுக்கும் ஆட்களுக்கும்தான். கேட்காமல் தொடங்கி, வழக்கிலோ மறியலிலோ நின்றால் இயந்திரங்களும் ஆட்களும் வாடகையோடு சும்மா நிற்பார்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் 1959இல் மக்கள் எதிர்ப்பால் நகர சபை பத்து விரைவுச்சாலைத் திட்டங்களில் ஏழை ரத்து செய்தது. அதற்குள் கட்டியிருந்த எம்பார்க்கடெரோ மேம்பாலச் சாலை பாதியில் நின்றது. 1989 நிலநடுக்கத்தில் அது சேதமடைந்ததும் 1991இல் இடித்தே விட்டார்கள். இன்று அங்கே திறந்த கடலோர வீதி இருக்கிறது.

15. எதுவுமே "என் வீட்டுப் பக்கம் வேண்டாம்" என்கிறார்கள். இவர்களிடம் என்ன பேசுவது?

குப்பைக் கிடங்கும் மயானமும் கழிவுநீர் நிலையமும் எங்கேயாவது இருந்துதான் ஆக வேண்டும். அதனால் அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கும் அப்படித் தோன்றியதுண்டு. பிறகு அவர்கள் சொல்வதைப் பிரித்துப் பார்க்கப் பழகினேன். "நாற்றம் வரும்" என்பது தீர்க்கக்கூடிய பயம். காற்றின் திசை, தூரம், மூடிய கூடம், இரவில் லாரி வரக்கூடாது என்ற நிபந்தனை எல்லாம் இருக்கின்றன. "ஏற்கெனவே மூன்று கிடங்கு எங்கள் பக்கம்தான் இருக்கிறது, நாலாவதும் இங்கேயா?" என்பது பயமே இல்லை, அது நியாயக் கேள்வி. நகரத்தின் சுமை எப்போதும் பேச வலுவில்லாதவர்கள் பக்கமே போகிறது என்பதற்கான சாட்சி.

இடத்தை முடிவு செய்யும் முன், இடத்தைத் தேர்வு செய்யும் விதிகளை எல்லாப் பகுதியினரோடும் பேசி ஒப்புக்கொள்ளவைப்பது ஓரளவு உதவும். தன் பகுதியே வருமோ வராதோ என்று தெரியாதபோது எல்லோரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள்.

16. நிலமும் வீடும் போகிறவர்களையும், சாலை அகலமானால் சந்தோஷப்படுகிறவர்களையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கலாமா?

வேண்டாம். ஒருவருக்குப் பத்து நிமிடப் பயணம் மிச்சம், இன்னொருவருக்கு வீடே போகிறது. ஒரே அரங்கில் கைதட்டலால் இரண்டாமவர் தோற்கடிக்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கச் சகிக்காது. இழப்பவர்களோடு முதலில் தனியாக, வீடு வீடாகப் பேச வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களையும், அந்த இடத்தில் பிழைப்பு நடத்துபவர்களையும் விட்டுவிடக் கூடாது. பத்திரத்தில் பெயர் இல்லாததால் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

இந்தியாவின் 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் இதைக் கருத்துக் கேட்போடு விடவில்லை. தனியார் நிறுவனங்களுக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தினரின் சம்மதம், அரசு-தனியார் கூட்டுத் திட்டமென்றால் 70 சதவீதம் என்று வைத்தது. முதல் பதிலில் சொன்ன ஏணியில் இது மேல்படி.

17. எல்லாவற்றையும் சொன்னோம். ஒன்றைக்கூட ஏற்கவில்லை. அப்புறம் எதற்கு வந்தோம்?

ஏற்காமல் இருப்பது தவறில்லை. ஏன் ஏற்கவில்லை என்று சொல்லாமல் இருப்பதுதான் தவறு. நான் நடத்தும் கூட்டங்களில் மூன்று பத்தி அட்டவணை ஒன்று போடுவேன்: என்ன சொன்னார்கள், அதனால் என்ன மாறியது, மாறவில்லை என்றால் காரணம். "நிழற்குடையை வேப்பமரத்தடிக்கு நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தவில்லை, அங்கே பேருந்து திரும்ப இடம் போதாது, அளவு இணைத்திருக்கிறோம்." இவ்வளவுதான். அதைக் கூட்டம் நடந்த இடத்திலேயே ஒட்ட வேண்டும், ஒரு மாதத்துக்குள்.

இதைச் செய்த இடங்களில் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வருகிறது. மறுக்கப்பட்டவர்களும் வருகிறார்கள், இந்த முறை இஞ்ச் டேப்போடு.

18. இணையத்தில் படிவம் போட்டால் போதாதா?

கூடவே போடுங்கள், அது மட்டும் போதாது. இரவு வேலைக்காரர்களையும் இளைஞர்களையும் அது கொண்டுவரும், மூதாட்டியின் விரலைக் கொண்டுவராது.

19. நிபுணர் ஒன்று சொல்கிறார், மொத்த ஊரும் வேறொன்று சொல்கிறது. யார் பேச்சைக் கேட்பது?

முதலில் இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்தானா என்று பாருங்கள். "இந்தத் தடுப்பணை உடையாது" என்று நிபுணர் சொல்கிறார். "எங்களுக்கு இது வேண்டாம்" என்று ஊர் சொல்கிறது. அணை உடையுமா என்பது அறிவியல். அணை கட்டினால் கீழே உள்ளவருக்குத் தண்ணீர் குறைவதை ஏற்கலாமா என்பதில் நிபுணரின் ஓட்டுக்கும் என் ஓட்டுக்கும் வித்தியாசமில்லை. பாதிச் சண்டைகள் இப்படிப் பிரித்தாலே அடங்கிவிடும்.

உண்மையிலேயே ஒரே கேள்வி என்றால், உதாரணமாகப் பழைய பாலம் பாதுகாப்பானது என்று ஊர் நம்புகிறது, சோதனை முடிவு அப்படி இல்லை என்கிறது என்றால், உயிர் விஷயத்தில் சோதனை பக்கம்தான் நிற்பேன். ஆனால் அந்தச் சோதனையை ஊர்க்காரர்கள் இருவர் முன்னிலையில் செய்யுங்கள். அவர்கள் சொல்லும் வேறொரு நிபுணரையும் பார்க்க விடுங்கள். அறிக்கையை மூடி வைத்துக்கொண்டு நம்பு என்றால் யார் நம்புவார்கள்?

20. கட்டி முடித்துத் திறப்பு விழாவும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகும் கேட்க வேண்டுமா?

வடிகால் என்றால் முதல் மழைக்கு அப்புறம், சாலை என்றால் ஆறு மாதம் கழித்து, அதே ஆட்களோடு ஒருமுறை நடக்க வேண்டும். இரண்டாவது பதிலில் சொன்ன வடிகாலில் அப்படி நடந்தோம். கிளை சரியாக வேலை செய்தது, பள்ளிக்குப் பின்னால் தண்ணீர் நிற்கவில்லை. ஆனால் அடைப்பு எடுக்க மூடியைத் திறக்கலாம் என்று பார்த்தால், அதற்கு ஒரு கொக்கிக் கம்பி வேண்டும். அது ஒப்பந்ததாரரிடம் மட்டும்தான் இருந்தது. வரைவு, மதிப்பீடு, டெண்டர், மூன்று கூட்டம், எதிலும் யாரும் அதை யோசிக்கவில்லை, குறிப்பெடுத்த நானும்தான். அந்த அம்மா கேட்டார்: "அந்தக் கம்பி எவ்வளவு ஆகும்?" அடுத்த வாரமே இரண்டு கம்பி செய்து, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றை அவர் வீட்டிலும் வைத்தார்கள்.